பேர் கூப்பிடும் நாள்

செங்கரணை ஏரிக்கரையில் இடுப்புயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு வெள்ளைக்காரர்கள் நட்டுவிட்டுப் போன கல். ‘இந்த ஊரிலிருந்து முப்பத்தோரு பேர் போருக்குப் போனார்கள். ஏழு பேர் திரும்பவில்லை’ என்று அதில் வெட்டியிருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை.

அந்தக் காலத்துப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளை முப்பத்தொன்றில் ஒன்றாக இருப்பானா? “மந்தையில ஆடு எண்ற மாதிரி எண்ணி வச்சிருக்கான்” என்று ஒருத்தி சொன்னாளாம். அந்த வருஷத் தை அமாவாசை அன்று கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, பள்ளிக்கூட வாத்தியாரை அழைத்து வந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்து வழக்கம்தான். பெயரைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். போய் வந்தவன் தானே, “உள்ளேன் ஐயா” என்றான். வராதவனுக்கு அவன் வீட்டார் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அதுதான் அந்த ஊரின் வழக்கம். பர்மா, சீனா, பாகிஸ்தான், வங்காளம், சிலோன், கார்கில் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. வீட்டார் யாரும் மிஞ்சாதவர்களின் பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். எடுத்தால் எடுத்ததுதான். உயிர் இருக்கும்வரை அந்தப் பெயருக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கரையிலிருந்து பார்த்தால் கரட்டுக் குன்றின் மேல் ஒரு சின்ன மடம் தெரியும். அங்கே உண்ணாமுலை அம்மை இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்காது. வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார், விளக்கேற்றுவார், கேட்டால் இரண்டு வார்த்தை பேசுவார். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்கவில்லை. கஞ்சி ஊற்றுகிறவரிடம் அதெல்லாம் கேட்கத் தோன்றுவதில்லை.

அவருக்குச் சீடர் என்று சொல்ல ஒருவர்தான். ஓய்வு பெற்ற ஹவில்தார் ஜம்புலிங்கம். வயது எழுபது. மனைவி போன பிறகு மடத்துக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். கூட்டுவது, தண்ணீர் இறைப்பது, கஞ்சி காய்ச்சுவது எல்லாம் அவர் வேலை. வருகிறவர்கள் கழற்றிவிடும் செருப்புகளைக்கூட நூல் பிடித்த மாதிரி வரிசையாக வைப்பார்.

“சீடரு குருவைவிட இருபது வயசு மூப்பு. இந்த மாதிரி மடம் எங்கேயும் கிடையாது” என்று ஊரில் கேலி செய்வார்கள்.

“பட்டாளத்துல என்னைவிடச் சின்னப் பையனுக்கெல்லாம் சல்யூட் அடிச்சவன் நான். எனக்குப் பழக்கம்தான்” என்பார் ஜம்புலிங்கம்.

அந்த வருஷம் தை அமாவாசைக்கு நான்கு நாள் இருக்கும்போது பூங்காவனம் கரடு ஏறி வந்தாள்.

பூங்காவனம் தேசிங்குவின் மனைவி. தேசிங்கும் ஜம்புலிங்கமும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், ஒரே பிளட்டூன். வங்காளச் சண்டையில் தேசிங்கு போய்விட்டான். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதத்திலும் அவன் வீட்டில் இருந்தது இருபது நாள். பூங்காவனத்துக்கு அப்போது பதினெட்டு வயது. பிள்ளை இல்லை. மறுபடி கட்டிக்கொள்ளவும் இல்லை. வருஷா வருஷம் கணவனின் திதிக்குப் படைத்த இலையில் ஜம்புலிங்கத்தைத்தான் முதலில் உட்கார வைப்பாள். “அவரு கூடவே இருந்த ஆளு நீ. நீ சாப்பிட்டா அவரு சாப்பிட்ட மாதிரி அண்ணா” என்பாள்.

அன்றைக்கு மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். மோர் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணா, இந்த வருஷம் அவரு பேரை நீ எடுத்துக்கோ.”

ஜம்புலிங்கம் செம்பை வாங்கிய கையோடு நின்றார்.

“நீ இருக்கும்போது நான் எதுக்கும்மா?”

“எனக்கு அறுபத்தாறு ஆச்சு. நாளைக்கே நான் போயிட்டா அந்தப் பேரு நாதியத்து நிக்கும். நான் கண்ணால பாக்கிறப்பவே நீ எடுத்துக்கோ.”

“நான் உன்னைவிட நாலு வயசு பெரியவன்.”

“இருக்கட்டும். உனக்கு மிலிட்டரி உடம்பு. நீ இப்போதைக்குச் சாகமாட்ட” என்று சிரித்தாள். “பேர் கூப்பிடற எஸ்தர் டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். நோட்டுல உன் பேரை எழுதிட்டாங்க.”

அவள் சந்தோஷமாகவே இறங்கிப் போனாள். ஏதோ ஒரு பெரிய வேலையை முடித்த மாதிரி கை வீசிக்கொண்டு போனாள்.

மறுநாள் கஞ்சி வாயில் வைக்க முடியாத உப்பாக இருந்தது. அம்மை ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கலந்தார்.

“ஐயா, ரெண்டு தடவை உப்பு போட்டிருக்கீங்க.”

“ஒரு தடவைதான் போட்டேன் அம்மை.”

“அப்ப இன்னொரு தடவை போட்டது யாரு?”

அதற்கு அடுத்த நாள் கஞ்சியில் உப்பே இல்லை. அம்மை அதையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தார்.

ஜம்புலிங்கம் அவர் எதிரில் போய் நின்றார்.

“அம்மை, ஒன்னு கேக்கணும்.”

“கேளுங்க.”

“ஒரு வார்த்தையைச் சொல்லாம தப்பிக்க ஒரு வழி சொல்லுங்க.”

“எந்த வார்த்தை?”

“உள்ளேன்.”

“வருஷா வருஷம் சொல்றதுதானே? உங்க பேருக்கு நீங்க சொல்றது ஏரி தாண்டிக் கேக்கும்.”

“என் பேருக்குச் சொல்லலாம். தேசிங்கு பேருக்கு என்னால முடியாது.”

“ஏன்?”

அவர் தரையைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார். இப்படி நாற்பத்தெட்டு வருஷமாக எத்தனையோ முறை வாயெடுத்து மூடியிருக்கிறார். பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

அம்மை சம்மணத்தை நேராக்கி உட்கார்ந்து, டீச்சர் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

“ஜம்புலிங்கம்.”

அவருக்கு உடம்பு தானாக விறைத்தது. குதிகால் இரண்டும் சேர்ந்தன. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

“ஜம்புலிங்கம்.”

அம்மையின் குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. அடுப்படியிலிருந்து பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

“ஜம்புலிங்கம்.”

கண் நிறைந்துவிட்டது கிழவருக்கு.

“மூணு தடவை கூப்பிட்டாச்சு” என்றார் அம்மை. “ஆள் இல்லைன்னா பட்டாளத்துல என்ன பண்ணுவாங்க ஐயா?”

“தேட... தேட ஆள் அனுப்புவாங்க.”

அம்மை எழுந்தார். மூலையில் கிடந்த கழியை எடுத்தார். வாசலில் வரிசையாக இருந்த செருப்பில் தம்முடையதை மாட்டிக்கொண்டார்.

“எந்தப் பக்கம் போகணும்? சொல்லுங்க.”

“அம்மை...”

“கடைசியா எங்கே பாத்தீங்கன்னு சொல்லுங்க. அங்கேர்ந்து தேடுவோம்.”

ஜம்புலிங்கம் அவருக்குப் பின்னால் நடந்தார். கரட்டுப் பாதை. இரண்டு பக்கமும் சப்பாத்திக்கள்ளி. அம்மை முன்னால் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. முகம் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது அவருக்கு.

“ஒரு ஓடை அம்மை. மார்கழிக் குளிரு. இக்கரையில நாங்க வயல் வரப்புல குழி வெட்டிப் படுத்திருந்தோம். அக்கரையில அவங்க.”

“ம்.”

“எங்க பிளட்டூன் ஹவில்தார் திருநெல்வேலிக்காரரு. சாயங்காலம் ஆனா ஆள் கணக்குப் பாப்பாரு. தமிழ்லதான் ‘உள்ளேன் ஐயா’ சொல்லணும் அவருக்கு. பள்ளிக்கூடம் மாதிரி. நாங்க சிரிப்போம். டிரெயினிங்ல இருந்தப்பவே ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிப் பழக்கம். அவன் டீக்கடைக்குப் போயிட்டா நான் சொல்லுவேன். நான் தூங்கிட்டா அவன் சொல்லுவான். அவன் குரல் கொஞ்சம் கட்டைக் குரல். நான் அச்சா அந்த மாதிரியே சொல்லுவேன்.”

“ம்.”

“அன்னிக்கும் அவன் தண்ணி மொள்ளப் போனான். எங்க ஆறு பேரோட தண்ணி பாட்டிலையும் எடுத்துக்கிட்டு. ‘மச்சான், கூப்பிட்டா சொல்லிடு, வந்துர்றேன்’னு போனான். இருட்டிடுச்சு. ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. ஹவில்தார் குழிக்குள்ள படுத்தபடியே மெதுவா கூப்பிட்டாரு.”

அம்மையின் கழி தரையில் ஊன்றி ஊன்றிப் போனது.

“நான் என் குரல்ல ஒரு உள்ளேன் சொன்னேன். அவன் குரல்ல ஒரு உள்ளேன் சொன்னேன்.”

பாதையில் சாய்ந்திருந்த ஒரு கள்ளி மடலை அம்மை கழியால் ஒதுக்கிவிட்டு நடந்தார்.

“அவன் திரும்பலைன்னு எனக்குத் தெரியாது அம்மை. பக்கத்துக் குழிக்குப் பீடி குடிக்கப் போயிருப்பான்னு நெனச்சேன். எப்பவும் போவான். ரெண்டு நாளா கண்ணு மூடலை. அப்படியே தூங்கிட்டேன். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். விடிஞ்சுதான் பாத்தோம். ஷெல் துண்டு தொடையில. நடக்க முடியாம ஓடைக்கரையிலேயே கெடந்திருக்கான். ரத்தம் முழுக்கப் போயிருந்தது. பாட்டில் ஆறும் நிரப்பி, மூடி போட்டு, பக்கத்துல அடுக்கி வச்சிருந்தான்.”

“ம்.”

“ராத்திரியே தூக்கியிருந்தா பிழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரு. ஹவில்தார் தலையில அடிச்சுக்கிட்டாரு. ‘நான் கூப்பிட்டேனே, இருந்தானே, பதில் சொன்னானே’ன்னு. அப்பவும் நான் வாயத் திறக்கலை. அந்தத் தண்ணியத்தான் அம்மை நாங்க அன்னிக்கெல்லாம் குடிச்சோம்.”

பாதை முடிந்து தெரு வந்தது. ஜம்புலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். பூங்காவனத்தின் வீட்டு வாசல். அம்மை அங்கே நின்றுவிட்டிருந்தார்.

“இங்கே எதுக்கு அம்மை வந்தோம்?”

“நீங்க நடந்த பக்கம்தான் ஐயா நானும் நடந்தேன்.”

“நீங்கதான் முன்னாடி போனீங்க.”

“அப்படியா?” என்றார் அம்மை. வாசலோரம் இருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

பூங்காவனம் முறத்தில் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். இருவரையும் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

“இன்னா அண்ணா, அம்மையையே கூட்டிக்கிட்டு வந்துட்ட? வா, உக்காரு.”

ஜம்புலிங்கம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அம்மையிடம் சொன்னதில் பாதிகூட இருக்காது. நாலே வரி. குழியிலிருந்து அவன் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனது, அவனுக்காகத் தான் பதில் சொன்னது, தூங்கிப்போனது, விடிந்து பார்த்தது.

பூங்காவனம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு டெம்போ போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை இருந்தாள்.

“வலி தெரியாம ஒரு நிமிஷத்துல போயிட்டாருன்னு எழுதியிருந்தியே.”

“எல்லார் வீட்டுக்கும் அப்படித்தாம்மா எழுதுவோம்.”

“குழிக்கும் ஓடைக்கும் எத்தனை தூரம்?”

“இருநூறு அடி இருக்கும்.”

“அங்கேர்ந்து கூப்பிட்டா கேக்குமா?”

“கேக்கும்.”

“அவரு கூப்பிட்டாரா?”

“இல்லை. கூப்பிட்டிருந்தா யாராவது முழிச்சிருப்போம்.” “அக்கரையில இருந்தவனுக்கும் கேட்டிருக்கும். நாங்க இருக்கிற எடம் தெரிஞ்சிருக்கும்.”

பூங்காவனம் குனிந்து முறத்தைப் பார்த்தாள். சிந்தியிருந்த இரண்டு பருப்பை எடுத்து உள்ளே போட்டாள்.

“நல்லாத் தூங்கினியா அண்ணா?”

“ஆமாம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“போ அண்ணா. இன்னிக்கு உன் மூஞ்சியப் பாக்க என்னால முடியலை.”

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தவில்லை. தூங்குகிற குழந்தை உள்ளே இருந்தால் சாத்துகிற மாதிரிச் சாத்தினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

திரும்பிக் கரடு ஏறும்போது ஜம்புலிங்கம் கேட்டார்.

“சொல்லியிருக்கக் கூடாதோ அம்மை? நல்ல நெனப்போட இருந்த பொம்பளை. அதையும் கெடுத்துட்டேனோ?”

“பாதையில முள்ளு கெடக்கு. பாத்து வாங்க” என்றார் அம்மை.

மறுநாள் காலையில் அவர் தம்முடைய பச்சைப் பெட்டியை வெளியே எடுத்து வைத்தார். இரண்டு வேட்டி, ஒரு ஸ்வெட்டர், மருந்து டப்பா. ஓசூரில் மகள் வீடு இருக்கிறது.

அம்மை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

“ஊருக்கா?”

“ஆமாம் அம்மை. நாளைக்கு அங்கே போய் நிக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பேரைக் கூப்பிடும்போது நான் என்ன சொல்லுவேன்? உள்ளேன்னா பொய். சும்மா நின்னா, எடுத்த பேரைக் கைவிட்டவன்னு ஆகும்.”

“பஸ் எத்தனை மணிக்கு?”

“காலையில ஒன்பதரைக்கு ஒன்னு. சாயங்காலம் ஒன்னு.”

“பேர் கூப்பிடறது நாளைக்கு எட்டு மணிக்கு. முடிச்சிட்டு அந்த ஒன்பதரையைப் பிடிக்கலாமே?”

“என்ன சொல்றதுன்னு கேட்டேன் அம்மை.”

“நேத்து நான் கூப்பிட்டப்ப என்ன சொன்னீங்க?”

“ஒன்னும் சொல்லலை.”

“அதையே சொல்லுங்க” என்று மறு திரியை எடுத்தார் அம்மை.

பெட்டி அன்று முழுவதும் வாசலிலேயே இருந்தது. கஞ்சிக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிப் போனார்கள். சாயங்கால பஸ் கீழே ஹாரன் அடித்துக்கொண்டு போனதும் ஜம்புலிங்கத்துக்குக் கேட்டது.

தை அமாவாசை அன்று கரை நிறைய ஜனம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். லீவில் வந்த பையன்கள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு நின்றார்கள். கல்லைக் கழுவிப் பூச்சரம் சுற்றியிருந்தது. எஸ்தர் டீச்சர் நீளமான நோட்டை விரித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

“முனிரத்தினம்.”

பஸ்ராவுக்குக் கோவேறு கழுதை ஓட்டப் போனவர். கழுதைகள் வந்து சேர்ந்த கணக்கு இருக்கிறது. அவரைப் பற்றி இல்லை. நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி முன்னால் வந்து, “உள்ளேன்” என்றாள். ஐந்து தலைமுறைக்கு முந்திய தாத்தா.

“சின்னச்சாமி.”

“உள்ளேன்.” அவருக்கு வீட்டார் இல்லை. பெயரை எடுத்திருந்தவர் சைக்கிள் கடை பாஷா.

“ஏகாம்பரம்.”

பர்மாவில் சமையல்காரராக இருந்தவர். சண்டையில் அவர் பிடித்த ஆயுதம் கரண்டி ஒன்றுதான். காட்டு வழியாக நடந்தே திரும்பியவர், கடைசிவரை வீட்டில் யாரையும் ஒரு பருக்கை சிந்த விடமாட்டாராம். பேத்தி சொன்னாள், “உள்ளேன்.”

“தெய்வ...”

“உள்ளேன்” என்று ஒரு குரல் முந்திக்கொண்டது. சீனச் சண்டைக்குப் போன கோதண்டம் தாத்தா. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“தாத்தா, இது தெய்வசிகாமணி. உங்க முறை இன்னும் வரலை” என்றார் டீச்சர்.

“வந்தா என்ன, வராட்டி என்ன? நான் ரெடியா இருக்கேன்னு எழுதிக்கோ.”

சிரிப்பு எழுந்து அடங்கியது. ஜம்புலிங்கத்துக்கு எதுவும் காதில் விழவில்லை. அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். பூங்காவனம் வந்திருந்தாள். சலவைப் புடவை கட்டி, திருநீறு பூசி, முதல் வரிசையில் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தபடி நின்றாள்.

பெயர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. பாகிஸ்தான் சண்டை முடிந்தது. டீச்சர் பக்கத்தைத் திருப்பினார்.

“தேசிங்கு.”

டீச்சரின் கண் ஜம்புலிங்கத்திடம் வந்தது. அவர் விறைத்து நின்றார். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. அம்மை ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில், ஒரு பூவரச மரத்தடியில் நின்றிருந்தார்.

“தேசிங்கு.”

கூட்டத்தில் தலைகள் திரும்பின. “ஹவில்தார், உன்னைத்தான்” என்று யாரோ முதுகில் தொட்டார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“தேசிங்கு” என்று மூன்றாம் தடவை கூப்பிட்டார் டீச்சர்.

“இல்லை.”

பூங்காவனம்தான். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கரை முழுக்கக் கேட்டது. அந்தக் கல்லுக்கு முன்னால் அதுவரை யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா சொல்றீங்க?”

“அவரு இல்லை டீச்சர். தண்ணி மொள்ள ஓடைக்குப் போனாரு. இன்னும் வரலை.” மூச்சை இழுத்து விட்டாள். “அடிபட்டுக் கெடக்கிறாரு. ரெண்டு பேரை அனுப்பித் தூக்கிக்கிட்டு வரச் சொல்லுங்க.”

யாரும் அசையவில்லை. லீவில் வந்த பையன்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கோதண்டம் தாத்தா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். அந்த வார்த்தை தமக்கே இட்ட உத்தரவு என்ற மாதிரி எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்.

பூங்காவனம் அழுதாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் அந்த ஊர் அவள் அழுது பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் தோளைப் பிடித்தார்கள். அவள் அவர்களை விலக்கவும் இல்லை, சாயவும் இல்லை. நின்றபடியே அழுது முடித்தாள்.

டீச்சர் நோட்டில் எழுதினார். என்ன எழுதினாரோ. இரண்டு முறை அடித்துவிட்டு எழுதினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பெயரைப் பார்த்தார். ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்பதால் அடுத்தடுத்த பெயர்.

“ஜம்புலிங்கம்.”

எல்லா வருஷமும் ஏரி தாண்டிக் கேட்கிற குரல் அன்று எழும்பவில்லை. அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“ஜம்புலிங்கம்.”

பூங்காவனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வரிசையை விட்டு வெளியே வந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கத்துக்கு அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பொறுமையாகத்தான் நடந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றாள். விறைத்துக்கிடந்த அவர் கையை மணிக்கட்டில் பிடித்தாள்.

“உள்ளேன் டீச்சர்” என்றாள். “இதோ நிக்குது எங்க அண்ணன்.”

பிறகு அவர் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“கை இன்னா இப்படிச் சில்லுனு கீது? காலையில ஏதாவது சாப்பிட்டியா, இல்லியா?”

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“வீட்டுல இட்லி ஊத்தி வச்சிருக்கேன். முடிஞ்சதும் வா. கோவம் இருக்கு. அது இருக்கட்டும் ஒரு பக்கம். நீ வந்து சாப்பிடு.”

டீச்சர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். சிலோன் வந்தது. கார்கில் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எங்கிருந்தோ ஒரு குரல் பதில் சொன்னது. ஒன்பதரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது ஜம்புலிங்கம் பூங்காவனத்தின் வீட்டில் நான்காவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிய பிறகுதான் மடத்துக்குத் திரும்பினார். வாசலில் இருந்த பெட்டியைக் காணோம். உள்ளே பழைய இடத்தில் இருந்தது. அம்மை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் எதிரில் உட்கார்ந்து, தாமும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நறுக்கினார்.

“அம்மை.”

“சொல்லுங்க.”

“ஒருத்தன் பேருக்கு இன்னொருத்தன் பதில் சொன்னதாலதான் எல்லாம் கெட்டுது. இன்னிக்கு என் பேருக்கு அந்தப் பிள்ளை பதில் சொல்லிடுச்சு. அது மட்டும் எப்படி அம்மை சரியாகும்?”

அம்மை பூசணி விதைகளை வழித்து ஒரு தட்டில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஆள் எங்கே இருக்காருன்னு தெரிஞ்சவங்க சொன்னா, சரிதான் ஐயா.”